மானுக்கும் எல்க்குக்கும் எந்தச் சன்னம்? மருமக்கள் கேட்டவையும் நான் சொன்னவையும்

ஆவணி பிறந்தால் எனக்குத் தொலைபேசி வரத் தொடங்கிவிடும். கல்கரியில் தங்கையின் மகன், எட்மண்டனில் அண்ணாவின் மூத்தவன், அவர்களுடைய கூட்டாளிமார். ஒருவன் மாமா என்பான், மற்றவன் சித்தப்பா என்பான், கேள்வி ஒன்றுதான்: "இந்த முறை வேட்டைக்கு எந்த ரவைப் பெட்டி வாங்க?"

அல்பேர்ட்டாவின் ரெட் டியர் நகரில் பத்தொன்பது வருடம் இருந்தேன். அதில் பதினொரு வருடம், வேட்டைக்காரர் கொண்டுவரும் மான், அதன் பெரிய உறவான எல்க் ஆகியவற்றின் உடல்களை உரித்து வெட்டிப் பொதி கட்டிக் கொடுக்கும் ஓர் இறைச்சிக் கடையில் வேலை. நான் சுட்டது கைவிரல் எண்ணிக்கைதான். மற்றவர்கள் சுட்டதைத் திறந்து பார்த்தது கணக்கில்லை. எந்தச் சன்னம் உள்ளே போய் என்ன வேலை செய்தது என்பது சுட்டவனைவிடக் கத்தி பிடித்தவனுக்கு நன்றாகத் தெரியும். இப்போது திருகோணமலையில் வீட்டோடு இருக்கிறேன். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை ஒரே இடத்தில் எழுதிவைத்தால் என் காதுக்கும் ஓய்வு.

முதலில் இதைச் சொல்லுங்கள்: இதைப் படித்துவிட்டு இங்கே மான் சுடலாமா?

கூடாது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் புள்ளிமானும் மரையும் பாதுகாக்கப்பட்ட விலங்குகள். கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் மரநிழலில் படுத்திருக்கும் மானாக இருந்தாலும் சரி, கந்தளாய்ப் பக்கத்துக் காட்டு மானாக இருந்தாலும் சரி, சட்டம் ஒன்றுதான். "அந்தக் காலத்தில் அப்பா இடியன் துவக்கோடு போவாரே" என்பீர்கள். போனார். அது அந்தக் காலம். காட்டுப் பாதையில் தட்டுப்பட்டால் தானே வெடிக்கும் கட்டுத்துவக்கு வைப்பவர்களைப் பற்றி எனக்கு ஒரு நல்ல வார்த்தையும் வராது. மானுக்கென்று வைத்தது மனுசன் காலை எடுக்கும், யானைக் காலில் சீழ் பிடிக்க வைக்கும்.

கீழே உள்ளதெல்லாம் கனடா, அமெரிக்கா போன்ற இடங்களில் அனுமதிப்பத்திரம் எடுத்து, பருவம் பார்த்து வேட்டைக்குப் போகிறவர்களுக்கு.

சன்னம், ரவை, தோட்டா எல்லாம் ஒன்றா?

பேச்சில் ஒன்றாகத்தான் போகிறது. இங்கே நான் இப்படிப் பிரித்துக்கொள்கிறேன். கடையில் பெட்டிக்கு இருபதாக வாங்குவது ரவை. அதற்குள் நான்கு பொருள்: பித்தளைக் கோது, அதன் அடியில் தீப்பொறி கொடுக்கும் கேப், உள்ளே வெடிமருந்து, நுனியில் செருகியிருக்கும் சன்னம். விசையை அழுத்தினால் குழலை விட்டுப் போவது சன்னம் மட்டும். மான் மேல் வேலை செய்வதும் அதுதான். ஆனால் ஆட்கள் துவக்குக்கு இரண்டாயிரம் டொலரும் தொலைநோக்கிக்கு ஆயிரம் டொலரும் கொடுத்துவிட்டு, ரவைப் பெட்டி என்று வந்ததும் மலிவு விற்பனை எங்கே என்று தேடுவார்கள். இது எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

எல்க் என்றால் நம்ம மரைதானே?

இல்லை, ஆனால் நீங்கள் குழம்புவதற்குக் காரணம் இருக்கிறது. இலங்கைக்கு வந்த வெள்ளைக்காரத் துரைமார் மரையைத்தான் எல்க் என்று கூப்பிட்டார்கள். நுவரெலியாப் பக்கம் எல்க் பிளெயின்ஸ் என்ற இடப்பெயர் அப்படி வந்ததுதான். ஐரோப்பாவில் எல்க் என்றால் வேறு விலங்கு, வட அமெரிக்கர் மூஸ் என்று சொல்லும் அந்தப் பெரிய மூக்கன். வட அமெரிக்காவின் எல்க் மூன்றாவது. வாப்பிட்டி என்றும் சொல்வார்கள்.

நான் இருந்த ஊரின் பெயரே இந்தக் குழப்பத்தில் பிறந்தது. அந்த ஆற்றைக் கிரீ பழங்குடியினர் தங்கள் மொழியில் எல்க் ஆறு என்றார்கள். வந்த வெள்ளை வியாபாரிகள் எல்க்கைப் பார்த்துத் தங்கள் ஊர்ச் செம்மான் என்று நினைத்து, ரெட் டியர் என்று பெயர் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

பெயர் கிடக்கட்டும். உருவம்தான் முக்கியம். கோட்டையில் நிற்கும் நல்ல கொம்பன் எழுபது கிலோ இருக்கும். அல்பேர்ட்டாவின் வெண்வால் மான் ஆண் அதைவிடக் கொஞ்சம் கனம், நூறைத் தாண்டுவதும் உண்டு. ஆண் எல்க் முந்நூறு கிலோவுக்கு மேல். பெரிய மான் என்று நினைத்து எல்க்கைச் சுடப் போகிறவன்தான் பிழை விடுகிறான். தோலின் தடிப்பு, தோள் எலும்பு, நெஞ்சின் ஆழம் எல்லாமே வேறு. மானுக்கு மென்மையான சன்னம் சரிவரும். கொஞ்சம் பிழைத்தாலும் மான் விழுந்துவிடும். எல்க் அந்தப் பிழையைப் பொறுக்காது.

இராணுவத்தின் ரவை மலிவாகக் கிடைக்கிறது. அதனால் சுட்டால் என்ன?

முழுதும் செப்பு உறை போட்ட கூர்முனைச் சன்னம் அது. நம் ஊரில் அது என்ன செய்யும் என்று பாடம் எடுக்கத் தேவையில்லை. சுவரில் போன ஓட்டையும் உடம்பில் போன ஓட்டையும் கண்ட தலைமுறை நாங்கள். என் பக்கத்து வீட்டுக்காரருக்கு 1990இல் தொடைச் சதையில் ஒரு பக்கம் போய் மறுபக்கம் வந்தது. இப்போதும் சைக்கிள் மிதிக்கிறார்.

அதுதான் விசயம். அந்தச் சன்னம் விரியாது. எலும்பையோ முக்கிய உறுப்பையோ தொடாவிட்டால் பல நேரம் ஊசி போன மாதிரி போய்விடும். போரில் விரியும் சன்னம் கூடாது என்று 1899இல் ஹேக் மாநாட்டில் முடிவெடுத்தார்கள். காரணமாக இருந்தது நமக்குப் பக்கத்தில், கல்கத்தாவுக்கு அருகே டம்டம் ஆயுதத் தொழிற்சாலையில் வெள்ளைக்காரன் செய்த முனை திறந்த சன்னம். டம்டம் குண்டு என்ற பேச்சு அங்கிருந்து வந்தது. வேட்டையில் சட்டம் அப்படியே தலைகீழ்: விரியாத சன்னத்தால் மான் சுடுவது அல்பேர்ட்டாவில் குற்றம், இங்கிலாந்தில் மென்முனையோ குழிமுனையோ இருந்தே ஆகவேண்டும். விலங்கு நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே சாக வேண்டும், காயத்தோடு காட்டுக்குள் போய் மூன்று நாள் கிடந்து சாகக் கூடாது என்பதற்காக.

கடையில் நாற்பது வகைப் பெட்டி இருக்கிறது. எதை எடுப்பது?

நாற்பது பெயர், வகை நான்குதான். இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலாவது, ஈயத்தைச் செப்பு உறைக்குள் வைத்து முனையை மட்டும் திறந்துவிட்ட பழைய மென்முனைச் சன்னம். ரெமிங்டனின் கோர்லொக்ட் 1939 முதல் விற்கிறது. வின்செஸ்டரின் பவர் பொயின்ட், ஃபெடரலின் பவர் ஷொக், ஹோர்னடியின் இன்டர்லொக் எல்லாம் இந்தக் குடும்பம். மலிவு. மானுக்கு இதைவிட வேறெதுவும் தேவையில்லை என்பது என் முடிவு, சண்டைக்கு வந்தாலும் மாற்றமாட்டேன். விலாவுக்குள் போனதும் காளான் மாதிரி விரிந்து, நுரையீரலைக் கிழித்து, பல நேரம் மறுபக்கத் தோலுக்கு அடியில் வந்து நிற்கும். உரிக்கும்போது தோலுக்கும் சதைக்கும் நடுவில் கறுப்பாக ஒரு கட்டி விரலில் தட்டுப்படும். கீறி எடுத்து மேசைத் தராசில் வைத்தால், 165 கிரெய்ன் (சன்ன எடையின் அலகு, கணக்குக் கீழே) எடையில் புறப்பட்டது 90, 100 என்று நிற்கும். மிச்சம் வழியில் சிதறிவிட்டது. மானுக்கு அது பரவாயில்லை.

எல்க்குக்குப் பரவாயில்லை என்று சொல்லமாட்டேன். ஒரு கார்த்திகை மாதம் ஓர் ஆண் எல்க்கின் முன்தோளைத் திறந்தேன். பழைய வடு, மேலே தோல் மூடிவிட்டது. உள்ளே தோள்பட்டை எலும்பின் மேல் தட்டையாக நசுங்கிய ஈயமும், செப்பு உறை நான்கைந்து துண்டாகவும் கிடந்தன. முந்தின வருடம் யாரோ சுட்டது. சன்னம் எலும்பில் பட்டு உடைந்து அங்கேயே நின்றுவிட்டது. எல்க் ஒரு வருடம் அதோடு நடந்து திரிந்திருக்கிறது.

இரண்டாவது வகை இதற்குத்தான்: ஈயத்தையும் உறையையும் ஒன்றோடொன்று ஒட்டவைத்த சன்னம். நொஸ்லரின் அக்கியூபொண்ட், ஃபெடரலின் ஃபியூஷன், நோர்மாவின் ஓரிக்ஸ். விரியும், ஆனால் பிரிந்து போகாது. எடையில் முக்கால்வாசி மிஞ்சும், சிலவேளை அதற்கும் மேல். ஃபியூஷன் விலையும் அவ்வளவு ஏறாது. வருடத்துக்கு ஒரு மான், ஒரு எல்க் என்று போகிறவனுக்கு நான் கையில் எடுத்துக் கொடுப்பது இதுதான்.

மூன்றாவது, நடுவில் சுவர் வைத்த சன்னம். ஜோன் நொஸ்லர் என்றொருவர் 1946இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு மூஸைச் சுட்டார். உடம்பெல்லாம் சேறு காய்ந்து கிடந்த மூஸ். சன்னம் தோலிலேயே உடைந்து உள்ளே போகவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்து, முன் ஈயத்துக்கும் பின் ஈயத்துக்கும் நடுவே செப்புச் சுவர் ஒன்று வைத்தார். முன்பாதி விரிந்து தேய்ந்தாலும் பின்பாதி முழுதாகத் தள்ளிக்கொண்டு போகும். பார்ட்டிஷன் என்ற பெயரில் 1948 முதல் விற்கிறார்கள். தராசில் மூன்றில் இரண்டு பங்கு நிற்கும். எங்கள் மேசையில் எல்க்கில் இந்தச் சன்னத்தைக் கண்டெடுத்தது அபூர்வம். பெரும்பாலும் மறுபக்கம் வெளியே போய்விட்டிருக்கும். அதுவே நல்ல சான்றிதழ்.

நான்காவது முழுச் செம்பு. ஈயமே கிடையாது. பார்ன்ஸ் நிறுவனம் 1989இல் கொண்டுவந்த எக்ஸ் சன்னத்தின் பிள்ளைகள். முனையில் உள்ள குழி திறந்து நான்கு இதழ் பூப்போல விரியும். எடை குறைவதே இல்லை என்று சொல்லலாம். விலை மென்முனையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதைப் பற்றி அடுத்த கேள்வியில்.

பிளாஸ்டிக் முனை வைத்தது தனி வகையா என்று கேட்பார்கள். சிவப்போ நீலமோ, அந்த முனை எந்த வகையிலும் வரும். காற்றைக் கிழிக்கவும் விரிவைத் தொடக்கிவைக்கவும் உதவும். பின்னால் இருப்பது ஒட்டிய சன்னமா ஒட்டாததா என்பதைப் பெட்டியில் பாருங்கள், முனையின் நிறத்தைப் பார்க்காதீர்கள்.

ஈயமா, செம்பா?

வீட்டில் சின்னப் பிள்ளையோ கர்ப்பிணியோ இருந்தால் செம்பு. வேறு யோசனை வேண்டாம்.

ஈயச் சன்னம் சிதறும்போது பெரிய துண்டு கண்ணுக்குத் தெரியும், நாங்கள் வெட்டி எறிவோம். மணலைவிடச் சிறிய துகள் தெரியாது. காயத்திலிருந்து ஒரு முழம் தள்ளியும் அது போயிருக்கும். அரைத்த இறைச்சியில் கலந்துவிட்டால் எந்தக் கத்தியாலும் பிரிக்க முடியாது. கழுகுகள் வேட்டைக்காரன் விட்டுப்போகும் குடலைத் தின்று ஈய நஞ்சால் சாகின்றன. கலிபோர்னியாவில் கொண்டோர் கழுகை நினைத்து 2019 ஆடி முதலாம் திகதியிலிருந்து ஈயத்தால் வேட்டையாடுவதையே தடைசெய்துவிட்டார்கள்.

செம்புக்கும் குணம் உண்டு. ஈயத்தைவிடப் பாரம் குறைந்த உலோகம், அதனால் அதே எடைக்குச் சன்னம் நீளமாக வரும். எல்லாக் குழலும் நீளச் சன்னத்தைச் சரியாகச் சுழற்றாது. ஆகவே வழமையாகச் சுடும் எடையிலிருந்து ஒரு படி இறங்குங்கள்: ஈயத்தில் 180 சுட்டவர் செம்பில் 165 எடுக்கலாம். உடையாது என்பதால் இறங்கினாலும் ஆழத்தில் குறை வராது. இரண்டாவது, செம்பு விரிய வேகம் வேண்டும். செக்கனுக்கு 2,000 அடிக்குக் கீழே வந்து பட்டால் நான் நம்பமாட்டேன். சில வகை 1,800இலும் திறக்கும் என்று எழுதியிருப்பார்கள், இருக்கட்டும்.

கிரெய்ன் என்றால் என்ன? எத்தனை கிரெய்ன் எடுக்க வேண்டும்?

ஒரு இறாத்தலில் 7,000 கிரெய்ன். இதைவிட நம் கணக்கு சுலபம். ஒரு பவுண் தங்கம் 8 கிராம், அது ஏறக்குறைய 123 கிரெய்ன். ஆக, 130 கிரெய்ன் சன்னம் ஒரு பவுணுக்குச் சற்று மேல், 180 கிரெய்ன் கிட்டத்தட்ட ஒன்றரைப் பவுண். இதைச் சொன்னதும் என் தங்கை "ஒன்றரைப் பவுணைச் சுட்டுத் தள்ளுறீங்களா" என்று தலையில் கைவைத்தாள். ஈயம்தானம்மா என்று சமாதானப்படுத்தினேன்.

துவக்கின் வாய் அளவைப் பொறுத்து எடை மாறும். .243, .308 என்ற எண்கள் அந்த அளவுதான், அங்குலக் கணக்கில். .243 வின்செஸ்டருக்கு 95 முதல் 100, மானோடு நிறுத்திக்கொள்ளுங்கள். .270க்கு மானென்றால் 130, எல்க்கென்றால் 140 அல்லது 150. .308க்கும் .30-06க்கும் மானுக்கு 150 அல்லது 165, எல்க்குக்கு 165 அல்லது 180. மருந்து கூடுதலாக அடைத்த மாக்னம் வகையில், 7 மில்லிமீற்றர் ரெமிங்டன் மாக்னத்துக்கு 160, .300 வின்செஸ்டர் மாக்னத்துக்கு 180 அல்லது 200.

ஒரே வாய் அளவில் எடை கூடினால் சன்னம் நீளும், நீண்ட சன்னம் ஆழமாகத் துளைக்கும். ஆணியையும் கூழாங்கல்லையும் ஒரே வேகத்தில் பலகையில் எறிந்ததாக நினைத்துப் பாருங்கள்.

வேகம் கூடக் கூட நல்லதுதானே?

பெட்டியில் எழுதியிருப்பது குழலை விட்டுப் புறப்படும் வேகம். மானுக்குத் தெரிவது வந்து சேரும் வேகம். என்னிடம் கேட்கும் எல்லாருக்கும் நான் திருப்பிக் கேட்கும் கேள்வி இதுதான்: எத்தனை யார் (கஜம்) தூரத்தில் சுடப் போகிறாய்?

மாக்னம் துவக்கு, மென்முனைச் சன்னம், புதருக்குள் நாற்பது யாரில் மான். செக்கனுக்கு மூவாயிரம் அடிக்குக் கிட்ட வந்து தோளில் மோதும். தோளிறைச்சி முழுக்க இரத்தம் கட்டி நாவற்பழ நிறமாகிவிடும். இப்படி வந்த மான்களில் முன்கால் இரண்டையும் குப்பைக்குப் போட்டிருக்கிறேன். சொந்தக்காரன் வந்து "இறைச்சி குறைகிறதே, நீங்கள் எடுத்தீர்களா" என்று கேட்பான். மறுபக்கம், அதே சன்னத்தை அகன்ற வெளியில் அறுநூறு யாரில் விட்டால், வேகம் வடிந்து, விரிய மறுத்து, இராணுவச் சன்னம் போல ஊடுருவிப் போகும். ஒரே பெட்டி, இரண்டு விதமான தோல்வி.

ஆகவே கிட்டச் சுடுகிறவன் கெட்டிச் சன்னம் எடுக்கட்டும், அல்லது வேகம் குறைந்த துவக்கு. தூரச் சுடுகிறவன் குறைந்த வேகத்திலும் திறக்கும் சன்னம் எடுக்கட்டும், ஹோர்னடியின் ஈஎல்டி எக்ஸ் போல. அப்புறம், நானூறு யாருக்கு மேல் எல்க்கைச் சுட வேண்டுமா என்று ஒருமுறை யோசிக்கட்டும். இன்னும் நூறு யார் நடந்தால் என்ன குறைந்துவிடும்?

மோதும் சக்தியின் கணக்கு கேட்கிறவர்களுக்கு: வந்து சேரும்போது மானுக்கு 1,000 அடி-இறாத்தல், எல்க்குக்கு 1,500 என்பது பழைய வாய்ப்பாடு. வாய்ப்பாடுதான், வேதமில்லை. உலகிலேயே எல்க் கூட்டம் பெரிதாக உள்ள கொலராடோவில் சட்டமே உண்டு: வாய் .24க்குக் குறையக் கூடாது, சன்னம் விரியவேண்டும், எடை மானுக்கு 70 கிரெய்ன், எல்க்குக்கு 85 கிரெய்ன் ஆவது இருக்கவேண்டும், நூறு யாரில் 1,000 அடி-இறாத்தல் சக்தி வேண்டும். இது ஆகக் குறைந்த எல்லை. எல்லையில் நின்றுகொண்டு எல்க் சுடச் சொல்லவில்லை.

6.5 கிரீட்மூர் எல்க்குக்குப் போதுமா?

2007இல் இந்த 6.5 மில்லிமீற்றர் ரவை வந்த நாள் முதல் வேட்டைக்காரர் கூடிய இடமெல்லாம் இந்தச் சண்டை. என் பதில்: 140 கிரெய்னுக்குக் கிட்ட ஒட்டிய சன்னமோ, 120க்கு மேல் செம்போ, முந்நூறு யாருக்குள், எல்க் பக்கவாட்டில் நிற்கும்போது மட்டும் என்றால் போதும். உதைப்பு குறைவு, அதனால் பலர் இதில் நன்றாகக் குறி வைக்கிறார்கள். .300 மாக்னத்தின் உதைப்புக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுக்கிறவனைவிட இது எவ்வளவோ மேல்.

கனடாவில் பழைய .303 துவக்கு ஒன்று மலிவாகக் கிடைத்தது.

நம் ஊர்ப் பொலிஸ்காரர் தோளில் நாம் சின்ன வயதில் பார்த்த அதே லீ என்ஃபீல்ட். மரக்கட்டையை வெட்டிக் குறுக்கி வேட்டைத் துவக்காக்கி அங்கே ஏராளம் விற்றார்கள். 180 கிரெய்ன் மென்முனை, இருநூறு யாருக்குள் மானும் விழும், எல்க்கும் விழும். முதலில் ஒரு துவக்கு வேலைக்காரரிடம் காட்டிப் பரிசோதித்துவிடுங்கள். இன்னொன்று, .303 என்று பெயர் இருந்தாலும் சன்னத்தின் விட்டம் .311 அங்குலத்துக்குக் கிட்ட, சாதாரண .308 சன்னம் அதில் தளரும். அதைவிட முக்கியம், எந்தத் துவக்காக இருந்தாலும் குழலில் பொறித்த பெயரும் ரவையின் அடியில் பொறித்த பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கவேண்டும்.

.30-30 நெம்புத் துவக்குக்கு ஏன் மொட்டை முனைச் சன்னம்?

ரவைகள் குழலுக்கு அடியில் ஒரு குழாய்க்குள் வரிசையாகப் படுத்திருக்கும். ஒன்றின் முனை முன்னால் உள்ளதன் கேப்பில் முட்டும். கூரான முனையென்றால் உதைப்பில் அது வெடிக்கலாம். ஹோர்னடி ரப்பர் போல வளையும் முனையோடு ஒன்று விற்கிறது, அது பரவாயில்லை.

எங்கே பட வேண்டும்?

மூத்த மருமகன் போன வருடம் ஊருக்கு வந்தபோது காலையில் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலைத் தாண்டி உள்ளே, ஒரு கொம்பன் பக்கவாட்டில் நின்று யாரோ போட்ட வாழைப்பழத் தோலை மென்றுகொண்டிருந்தது. ஐந்து மீற்றரில் நின்றோம். "கையைக் கட்டிக்கொண்டு பார்" என்றேன். முன்னங்காலின் பின்விளிம்பை அப்படியே மேலே கொண்டுபோ. நெஞ்சின் உயரத்தை மூன்றாகப் பிரி. கீழேயிருந்து முதல் பங்கு முடியும் இடம். அங்கே பட்டால் இரண்டு நுரையீரலும் போகும், இதயத்தின் மேல்பக்கமும் போகும். மான் மூச்சு விடும்போது அந்த இடத்தில் தோல் ஏறி இறங்குவது தெரிந்தது. அவன் ஒன்றும் பேசவில்லை. பிறகு மான் திரும்பி முன்பக்கத்தைக் காட்டியது. "இப்போது?" என்றேன். "இப்போது சுடக்கூடாது" என்றான். சரி, பிள்ளை படித்துவிட்டான்.

மானுக்கு அந்தச் சாகும் வட்டம் ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவு, இருபது சென்றிமீற்றர். எல்க்குக்கு முப்பதுக்கு மேல். வட்டம் பெரிது என்று எல்க் சுலபமாகிவிடாது. போய்ச் சேர வேண்டிய ஆழமும் அவ்வளவு கூடுதல். முன்பக்கம் சாய்ந்து நிற்கும் எல்க்கின் தோள் எலும்பை மென்முனையால் சுடாதீர்கள். நான் மேலே சொன்ன அந்த வடு அப்படித்தான் வந்தது. பின்பக்கம் சாய்ந்து நின்றால், சன்னம் போய் எதிர்ப்பக்க முன்னங்காலில் முடியும்படி குறி வையுங்கள்.

சுட்டதும் ஓடாதீர்கள். அரைமணி நேரம் உட்கார்ந்திருங்கள். நல்ல இடத்தில் பட்ட எல்க்கும் நூறு யார் நடந்து போய்த்தான் படுக்கும். சன்னம் மறுபக்கம் வெளியே போயிருந்தால் பனியில் இரத்தத் தடம் இரண்டு பக்கமும் இருக்கும். தேடுகிறவனுக்கு அது பெரிய உதவி.

மானுக்கு ஒன்று, எல்க்குக்கு ஒன்று என்று இரண்டு பெட்டி வேண்டுமா?

வேண்டாம். எல்க்குக்குப் பொருத்தமானதை வாங்கி இரண்டுக்கும் பாவியுங்கள். .30-06இல் 165 அல்லது 180 ஒட்டிய சன்னம் என்றால் முடிந்தது கதை. மான் கொஞ்சம் கூடுதல் தூரம் ஓடும், இறைச்சி குறைவாகச் சேதமாகும். இரண்டு பெட்டி வைத்திருந்தால் ஒருநாள் மாறிப் போட்டுவிடுவீர்கள். இரண்டும் ஒரே இடத்தில் விழாது.

வாங்கிய பிறகு?

மூன்று வெவ்வேறு பெட்டி வாங்குங்கள். சுடுதிடலில் நூறு யாரில் ஒவ்வொன்றிலும் மூன்று வெடி, குழலை ஆறவிட்டு இன்னும் மூன்று. எது நெருக்கமாக விழுகிறதோ அது உங்கள் துவக்கின் விருப்பம். விலை கூடியதுதான் நெருக்கமாக விழும் என்றில்லை. என் துவக்கு ஆக மலிவானதை விரும்பியது, நானும் எதிர்த்துப் பேசவில்லை. பிறகு அதே தொகுதி இலக்கத்தில் நான்கைந்து பெட்டி வாங்கிவைத்துவிடுங்கள். பெட்டியை மாற்றினால் குறியையும் திரும்பச் சரிபார்க்கவேண்டும், சன்னத்தின் எடை ஒன்றாக இருந்தாலும்.

இறைச்சியில் எவ்வளவு வெட்டி எறிவது?

ஈயச் சன்னம் என்றால் காயத்தைச் சுற்றி ஒரு சாண், இரத்தம் கட்டியது முழுதும். அரைக்கும் இறைச்சிக்குக் காயத்துக்குக் கிட்ட உள்ள எதையும் சேர்க்காதீர்கள். செம்பென்றால் கெட்டதை மட்டும் எடுத்தால் போதும். எல்க் இறைச்சியில் கொழுப்பு மிகக் குறைவு, மாட்டுக்கறி நேரம் வைத்தால் செருப்பாகிவிடும். மற்றதை உங்கள் அம்மாவிடம் கேளுங்கள்.

மாமா, ஒரு வெற்றுக் கோது ஞாபகத்துக்கு ஊருக்குக் கொண்டுவரவா?

கொண்டுவராதே. கோதும் வேண்டாம், நசுங்கிய சன்னமும் வேண்டாம், சாவிக் கொத்தில் கோத்த பித்தளைத் துண்டும் வேண்டாம். உன் கூட்டாளி ஒருவன் வேட்டைக்குப் போன அதே முதுகுப்பையில் உடுப்பை அடைத்துக்கொண்டு விமானம் ஏற வந்தான். பக்கப் பையின் தையலுக்குள் ஒரு ரவை கிடந்தது அவனுக்கே தெரியாது. கருவியின் திரையில் தெரிந்துவிட்டது. விமானம் போனது, அவன் போகவில்லை. நான்கு மணி நேரம் கேள்வி. இங்கே வந்து பிடிபட்டிருந்தால் நான்கு மணி நேரத்தில் முடிந்திருக்காது. வேட்டைப் பை வேறு, பயணப் பை வேறு.

என்னுடையதும் அங்கேதான் இருக்கிறது. பதினொரு வருடம் மேசையில் கீறி எடுத்த சன்னங்களில் நல்லவற்றை ஒரு பால்மாப் பேணியில் போட்டு வைத்திருந்தேன். ஒவ்வொன்றோடும் ஒரு துண்டுக் காகிதம்: என்ன விலங்கு, எத்தனை யார், தராசில் எவ்வளவு. புறப்படும்போது உன் அப்பாவின் கராஜில் மேல்தட்டில் வைத்தேன். பனிக்கத்திக்குப் பக்கத்தில். எந்தப் பெட்டி வாங்குவது என்று அடுத்த ஆவணியில் என்னைக் கூப்பிட முன்னம் அதை ஒருமுறை திறந்து பார்.